ஆர்வி-7ஏ மூக்குச் சக்கரம்: புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கான பராமரிப்பு வழிகாட்டி

கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கித் தாங்களே கட்டிக்கொள்ளும் சிறு விமானங்களான ஆர்வி-6ஏ, 7ஏ, 9ஏ ஆகியவற்றின் மூக்குச் சக்கரத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "அது பலவீனமான அமைப்பு, என்றைக்கு வேண்டுமானாலும் மடங்கும்" என்பது ஒன்று. "ஒழுங்காகத் தரையிறக்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது" என்பது மற்றொன்று. எந்தப் பேச்சை நம்பினாலும் ஸ்பேனரைக் கையில் எடுக்கத் தோன்றாது. நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இரும்புக் கால் தன் வேலைக்குப் போதுமான பலத்தோடுதான் இருக்கிறது. ஆனால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை கூடினாலோ, காலின் அடிமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைந்தாலோ அந்தப் பலம் உதவிக்கு வராது. இழுவையைக் குறை, இடைவெளியைக் காப்பாற்று: இனி சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிட் வாங்கி, தாங்களே கட்டிப் பறக்கவிட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அந்த விமானங்களில் பல இன்று இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கின்றன. கட்டியவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை வாங்கியவருக்காக. நான் பேசுவது பழைய அமைப்பைக் கொண்ட 6ஏ, 7ஏ, 9ஏ பற்றி. ஆர்வி-10, 14ஏ ஆகியவற்றின் மூக்குக் கியர் வேறு வடிவம். 14ஏ பாணியில் அமைந்த புதிய மூக்குக் கியர் 7ஏ, 9ஏ விமானங்களுக்கும் வந்துவிட்டது. உங்களுடையது அதுவென்றால் அதற்குரிய கையேட்டைப் பாருங்கள். இங்கே வரும் எந்த எண்ணும் உங்கள் விமானத்தின் வரைபடத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் வரைபடம் சொல்வதே சரி.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

எஞ்சின் மவுண்ட்டின் அடியில் ஒரு குழாய்ச் சாக்கெட் இருக்கும். அதிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து கீழே இறங்கும் திடமான எஃகுக் கம்பிதான் கால். ஆயில் ஊற்றிய ஷாக் அப்ஸார்பர் எதுவும் கிடையாது, கம்பி வளைந்து நிமிர்வதே ஸ்பிரிங். காலின் அடிமுனையில் ஃபோர்க் (சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவை) மாட்டியிருக்கும். ஃபோர்க்குக்குக் கீழே ஒரு பெரிய நட், ஸ்பிரிங் போல அழுந்தும் கிண்ண வடிவ வாஷர்கள், நட் கழலாமல் இருக்க ஒரு காட்டர் பின். சக்கரம் ஃபோர்க்கின் பின்முனையில் இருக்கும். ரட்டர் பெடலுக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தரையில் திரும்ப வேண்டுமென்றால் இடது அல்லது வலது பிரேக்கைத் தனியாக மிதிக்க வேண்டும், மூக்குச் சக்கரம் தானாகப் பின்தொடரும்.

இப்போது பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து அந்த நட்டைப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னால், தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். சக்கரம் ஒரு பள்ளத்தில் சிக்கினாலோ சுழலத் தயங்கினாலோ கால் பின்னோக்கி வளையும், ஃபோர்க்கின் முன்பக்கம் கீழே சாயும். நட் தரையைத் தொட்டுவிட்டால் அது மண்ணைக் குத்தி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் எடை முழுவதும் அந்தப் புள்ளியில் ஏறும். கால் அடியில் மடங்கும், சில நேரம் விமானமே மல்லாக்கக் கவிழும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தது. வேன்ஸ் நிறுவனம் 2007 நவம்பரில் ஒரு சர்வீஸ் புல்லட்டின் (உரிமையாளர்களுக்கான பராமரிப்பு அறிவிப்பு) வெளியிட்டது. அதன்படி காலின் அடிமுனையை வெட்டிக் குறைத்துப் புதிதாக மரை போட்டு, மாற்று ஃபோர்க்கை மாட்ட வேண்டும். அதனால் நட் சுமார் ஓர் அங்குலம் மேலே போகிறது. ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். இந்த அமைப்பில் அது பெரிய இடைவெளி.

எனவே உங்கள் முதல் வேலை ஸ்பேனரோடு அல்ல, பதிவேட்டோடு. அந்தப் புல்லட்டின் செய்யப்பட்டதா என்று தேடுங்கள். பதிவு இல்லை என்றால் விமானத்தில் உள்ள ஃபோர்க்கை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஃபோர்க் என்று தெரிந்தால் மற்ற எதற்கும் முன் அதை மாற்றுங்கள். வானொலி, திரை, பெயிண்ட் எல்லாம் காத்திருக்கும்.

அப்புறம் ஓர் அளவு எடுத்து வையுங்கள். சமதளமான சிமென்ட் தரையில், டயர் சரியான காற்றோடு இருக்கும்போது, நட்டின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரை வரை எவ்வளவு என்று அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். எரிபொருள் எவ்வளவு இருந்தது, உள்ளே யாரும் இருந்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே நிலையில் அளந்தால் கால் வளைந்திருக்கிறதா என்பதற்குக் கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமான சான்று கிடைக்கும்.

டயரில் காற்று

இதற்குத் திறமை எதுவும் வேண்டாம், அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கு டயர் மிகச் சிறியது, வெளி விட்டம் சுமார் 11 அங்குலம், அகலம் 4 அங்குலம். பெரிய டயரில் கொஞ்சம் காற்று குறைந்தால் தெரியாமல் போகலாம். இதில் அதே குறைவு டயரை அமுக்கி நட்டை நேரடியாகத் தரைக்கு இறக்கும், கூடவே உருளும்போது இழுவையையும் ஏற்றும். நாம் தவிர்க்க நினைக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள். டயரின் மேல் வீல் பேண்ட் என்ற உறை மூடியிருப்பதால் கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. வால்வைத் தொட வசதியாக வீல் பேண்ட்டில் ஒரு துளையும் அதற்கு மூடியும் வைத்துவிட்டால் வேலை இரண்டு நிமிடம். அந்தத் துளை இல்லையென்றால், நீங்கள் ஒவ்வொரு முறையும் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை. துளையைப் போட்டுவிடுங்கள். சாதாரண ரப்பர் டியூபில் காற்று சீக்கிரம் இறங்கும். காற்று கசிவதைத் தடுக்கவே செய்த டியூப்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் மூக்குச் சக்கரத்துக்கு அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து.

மூக்கைத் தூக்குவது

சக்கரம் தரையில் இருக்கும்வரை பேரிங்கையும் ஃபோர்க்கையும் சரியாகச் சோதிக்க முடியாது. எனவே மூக்கைத் தூக்க வேண்டும். இதில்தான் விமானத்துக்கும் ஆளுக்கும் அடிபட அதிக வாய்ப்பு.

பிரதானச் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இக்னிஷன் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புரொப்பெல்லரைக் கைப்பிடியாக நினைக்காதீர்கள். பிறகு வாலின் அடியில் உள்ள கட்டும் வளையத்தில் எடையைத் தொங்கவிட்டு, அல்லது தரையில் பதித்த கொக்கியோடு பட்டை போட்டு இழுத்து, வாலைக் கீழே கொண்டுவாருங்கள். எவ்வளவு எடை வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விமானத்தின் எடைச் சீட்டில் மூக்குச் சக்கரம் தாங்கும் எடை எழுதியிருக்கும். அதைப் பிரதானச் சக்கரத்திலிருந்து மூக்குச் சக்கரம் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, பிரதானச் சக்கரத்திலிருந்து வால் வளையம் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் சமநிலைக்கு வேண்டிய எடை வரும். அதைவிடத் தாராளமாகக் கூடுதலாக வையுங்கள். சரியாகச் சமநிலையில் நிற்கும் விமானம் நீங்கள் ஸ்பேனரை அழுத்தும்போது கீழே வந்துவிடும்.

வால் இறக்கையின் நடுத்தகட்டில் மணல் மூட்டையைப் போட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. அந்தத் தகடு மெல்லிய அலுமினியம், அதில் விழும் நெளிவு நிமிராது. எஞ்சினின் மேல் உள்ள தூக்கும் கண்ணியில் சங்கிலி மாட்டி எஞ்சின் ஹாயிஸ்ட் கொண்டு தூக்குவது இன்னொரு நல்ல வழி. எப்படித் தூக்கினாலும் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர்) பக்கம் உறுதியான தாங்கல் ஒன்றை இரண்டாவது காவலாக வையுங்கள். தூக்கியிருக்கும் நேரத்தில் யாரும் காக்பிட்டில் ஏறக்கூடாது. குழந்தைகள் இருந்தால் கொட்டகைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

பேரிங்: இங்கே நேரம் செலவிடுங்கள்

சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். லேசாக, ஒரே சீராகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கையை எடுத்ததும் நின்றுவிட்டால் எங்கோ பிடிக்கிறது. இப்போது ஒரு கையின் விரல்நுனியை ஃபோர்க்கின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் மிக மெதுவாகச் சக்கரத்தைத் திருப்புங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு எதுவுமே தெரியாது. பாழான பேரிங்கில் மணல் அரைபடுவது போன்ற ஒரு நறநறப்பு விரலில் ஏறும். காதுக்குக் கேட்கும் முன்பே அது விரலுக்குத் தெரிந்துவிடும். கடைசியாகச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

இந்த விமானங்களில் பலவற்றின் பழைய ஆக்ஸில் அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு, அதை வாங்கியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோர்க்கின் இரு கைகளுக்கும் இடையே ஸ்பேசர்கள் இருக்கும், அவை நேராகப் பேரிங்கின் உள்வளையத்தை அழுத்தும். ஆக்ஸில் போல்ட்டை இறுக்க இறுக்க ஃபோர்க்கின் கைகள் உள்ளே வந்து ஸ்பேசர்கள் வழியாகப் பேரிங்கை அமுக்கும். அதாவது போல்ட்டை ஒழுங்காக இறுக்கினால் பேரிங் பிடித்துக்கொள்ளும், பேரிங்குக்கு ஏற்றபடி விட்டால் போல்ட் தளர்வாக இருக்கும். தளர்ந்துவிட்டால் சீலின் உராய்வில் ஸ்பேசரே சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், தன் இடத்தைத் தேய்க்கும், இறுக்கம் மாறிக்கொண்டே போகும். நேற்று சுதந்திரமாகச் சுற்றிய சக்கரம் இன்று பிடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இதற்கு முழுத் தீர்வு, ஃபோர்க்கில் கெட்டியாக நிற்கும் முழு ஆக்ஸில். அதில் பேரிங்கின் இறுக்கத்தைத் தனி நட்டால் வைக்கலாம், ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் போல்ட்டை முழு அளவுக்கு இறுக்கலாம். ஒன்று மற்றொன்றில் தலையிடாது. சக்கரத்தைத் தயாரிக்கும் மேட்கோ நிறுவனமே இப்படி ஓர் ஆக்ஸிலை விற்கிறது. உங்கள் விமானத்தில் பழைய ஸ்பேசர் அமைப்பு இருந்தால், ஃபோர்க்குக்கு அடுத்தபடியாக நான் பணம் போடச் சொல்வது இதற்குத்தான்.

சக்கரத்தைக் கழற்றியதும் செய்ய வேண்டியவை:

1. சீல்களையும் பேரிங்குகளையும் எடுக்கும்போது எது இடது, எது வலது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு பேரிங்கும் தன் வெளிவளையத்தோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும், மாற்றிப் போடக் கூடாது.
2. மினரல் ஸ்பிரிட் போன்ற கரைப்பானில் பழைய கிரீஸ் முழுவதும் போகும்வரை கழுவுங்கள். காய வைக்கக் காற்றுக் குழாயை அடிக்கும்போது பேரிங்கைச் சுழல விடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும், உருளைகள் தெறித்தால் கண்ணும் போகும்.
3. உருளைகளையும் வெளிவளையத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீல நிறம் சூட்டின் அடையாளம். சிறு குழிகள், உருளை இடைவெளியிலேயே வரிவரியாகப் பதிந்த தழும்புகள், துருப் புள்ளிகள் என எது இருந்தாலும் பேரிங், வெளிவளையம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.
4. கிரீஸ் வைக்கும் முன், முன்பு எது போட்டிருந்தது என்று பதிவேட்டில் பாருங்கள். ஏரோஷெல் 22 களிமண் அடிப்படையிலானது, மொபில் எஸ்எச்சி 100 லித்தியம் வகை. இந்த இரண்டும் கலந்தால் இளகிப்போய்ப் பேரிங்கை விட்டு ஓடிவிடலாம். எதற்கு மாறினாலும் பழையது சுத்தமாகப் போன பிறகுதான் மாற வேண்டும்.
5. உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்க விளிம்பை அதில் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். உருளைகளின் இடையே கிரீஸ் மறுபக்கம் புழுப்புழுவாக வெளிவர வேண்டும். சுற்றிலும் அப்படி வந்தால்தான் உள்ளே நிறைந்திருக்கிறது. மேலே பூசி வைப்பது பயன்படாது.
6. மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகப் பிடிக்கும் இடம் வந்ததும் பின்வாங்கி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் நிற்கும் இடத்தில் பூட்டுங்கள். பூட்டிய பிறகு இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள்.

டயரையோ டியூபையோ மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு விஷயம். சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்த்தது. வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுவதும் போனதை உறுதி செய்யாமல் அந்தப் போல்ட்டுகளைத் தொடாதீர்கள். காற்றோடு பிரித்தால் சக்கரத்தின் பாதிகள் பறந்து வந்து ஆளை அடிக்கும். உயிரையே பறிக்கக்கூடிய வேலை இது. மாட்டும்போது டியூப் இரண்டு பாதிகளுக்கும் நடுவே சிக்காமல் இருக்க முதலில் கொஞ்சம் காற்று ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்.

ஃபோர்க்கின் பிடிப்பு

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரம் வேகமாகத் தள்ளும்போது படபடவென்று இடமும் வலமும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். தானாகத் திரும்பும் சக்கரம் எதற்கும் இந்தக் குணம் உண்டு, விமானக்காரர்கள் இதை ஷிம்மி என்பார்கள். அந்தக் கிண்ண வாஷர்கள் இருப்பது இதற்காகவே. நட்டை இறுக்கினால் அவை அழுந்தி, ஃபோர்க் எளிதில் திரும்பாதபடி உராய்வு கொடுக்கும்.

எவ்வளவு உராய்வு என்பதைக் கையால் ஊகிக்கக் கூடாது. மீன் எடை போடும் சிறிய ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூக்கு தூக்கியிருக்கும்போது தராசின் கொக்கியை ஆக்ஸில் முனையில் மாட்டி, ஃபோர்க்குக்குச் செங்குத்தாக, தரைக்கு இணையாக, மெதுவாக இழுங்கள். ஃபோர்க் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் தராசு காட்டும் எண்தான் வேண்டியது. அசைந்த பிறகு காட்டும் எண் குறைவாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விமானங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் 22 பவுண்டு, அதாவது 10 கிலோ. இடப்பக்கம் இழுத்தும் வலப்பக்கம் இழுத்தும் பாருங்கள்.

குறைவாக இருந்தால் காட்டர் பின்னை எடுத்து நட்டை அடுத்த துளை வரை இறுக்குங்கள், மறுபடி இழுத்துப் பாருங்கள். துளையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லை என்றால் பின்னுக்காக அளவில் சமரசம் செய்யாதீர்கள். மெல்லிய வாஷரைச் சேர்த்தோ எடுத்தோ நேராக்கலாம். எடுத்த காட்டர் பின்னைத் திரும்பப் போடக் கூடாது, புதியது போடுங்கள். விலை மிகச் சொற்பம். பின்னின் முனைகளை மடித்த பிறகு நட்டுக்குக் கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கீழே இடைவெளிதான் நமக்குச் சொத்து.

அதிகம் இறுக்கினால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். ஃபோர்க் திரும்ப மறுத்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிரேக்கை அதிகமாக மிதிப்பீர்கள், டயர் பக்கவாட்டில் தேயும், கால் முறுக்கப்படும். புது வாஷர்கள் போட்டிருந்தால் முதல் சில மணிநேரப் பறத்தலில் அவை படிந்து பிடிப்பு குறையும். அந்தக் காலத்தில் அடிக்கடி சோதியுங்கள். அப்புறம் எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் போதும். ஃபோர்க்கில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், கிரீஸ் அடித்த பிறகே தராசு வைத்துப் பாருங்கள், முன்னால் அல்ல.

ஓட்டும்போது கால் என்ன செய்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. இறக்கையின் அடியில் சிறிய கேமரா ஒன்றை உறுதியாகக் கட்டி, ஓடுபாதையில் ஓடும்போதும் தரையிறங்கும்போதும் படம் எடுத்துப் பாருங்கள். கால் முன்னும் பின்னும் துடிப்பதைப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். துடிப்பு அதிகம் என்றால் டயரின் வட்டம் சரியாக இருக்கிறதா, சக்கரம் சமன் செய்யப்பட்டதா, பேரிங் பிடிக்கிறதா என்று இந்த வரிசையில் தேடுங்கள். காலோடு இறுக்கிக் கட்டும் வலுவூட்டும் சட்டங்களும் சந்தையில் கிடைக்கின்றன. அவை உதவும்தான், ஆனால் காற்றில்லாத டயருக்கும் பிடிக்கும் பேரிங்குக்கும் அவை மாற்று ஆகா.

மேலே: சாக்கெட், போல்ட், மவுண்ட்

எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்கைக் கழற்றிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில் காலின் மேல்முனையைப் பாருங்கள். சாக்கெட்டில் காலைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றிக் கறுப்பான, எண்ணெய் கலந்த பொடி தெரிந்தால் அங்கே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது என்று பொருள். ஒருவரைச் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும், வலமும் இடமும் ஆட்டச் சொல்லிவிட்டு உங்கள் விரலைக் காலும் சாக்கெட்டும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். துளி அசைவு இருந்தாலும் விரலுக்குத் தெரியும். அசைவு இருந்தால் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். போல்ட்டின் உடலில் படிக்கட்டு போலத் தேய்வு, துளை நீள்வட்டமானது, இரண்டுமே அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நிலை. பெரிய துளை போட்டுப் பெரிய போல்ட் மாட்டுவதை உங்கள் யோசனையில் செய்யாதீர்கள், வேன்ஸ் நிறுவனத்திடம் கேளுங்கள்.

போல்ட் இறுக்கத்துக்கு வரைபடத்தில் அளவு இல்லாத இடங்களில் அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி கையேட்டு அட்டவணை உதவும்: சாதாரண நட்டோடு ஏஎன்3 (ஏஎன் என்பது விமானப் போல்ட்டுகளின் அளவுக் குறியீடு) போல்ட்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு, ஏஎன்4க்கு 50 முதல் 70, ஏஎன்5க்கு 100 முதல் 140. தானே பூட்டிக்கொள்ளும் நட் என்றால், அது வாஷரில் அழுந்தும் முன் சுழல எடுக்கும் விசையை முதலில் டார்க் ரெஞ்சில் பார்த்து, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். விரலாலேயே சுழலும் பூட்டு நட்டைக் குப்பையில் போடுங்கள்.

பிறகு மவுண்ட்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். பெயிண்ட்டில் முடி போன்ற கோடு, அதிலிருந்து துரு கசிந்த தடம், இவை விரிசலின் அறிகுறி. சந்தேகம் வந்தால் சாயம் ஊடுருவும் சோதனைப் பெட்டி வாங்கிச் செய்யலாம்: பெயிண்ட்டை நீக்கிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்துக் காத்திருந்து, துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் இருந்த இடத்தில் சிவப்புக் கோடு எழும். ஃபயர்வாலின் கீழ் மூலைகளையும் பாருங்கள். அங்கே தகடு அலையலையாக நெளிந்திருந்தால், முந்தைய உரிமையாளர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், மூக்கு ஒருமுறை பலமாகத் தரையில் மோதியிருக்கிறது.

காலையும் விடாதீர்கள். மேற்பூச்சு உரிந்த இடத்தில் துரு குழிகளாக இறங்கியிருக்கிறதா, ஃபேரிங்கின் கம்பியோ கிளாம்போ உரசிக் கோடு போட்டிருக்கிறதா என்று முழு நீளமும் தடவிப் பாருங்கள். வளைந்து நிமிர்வதே வேலையாக உள்ள கம்பியில் சிறு கீறலும் விரிசல் தொடங்கும் இடம். அதில் துளை போடுவது, வெல்டிங் வைப்பது, வளைந்ததைச் சூடு காட்டி நிமிர்த்துவது ஆகிய எதையும் செய்யக் கூடாது. வளைந்த காலை மாற்றத்தான் வேண்டும்.

வீல் பேண்ட்

புல்தரையில் இறங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஈரமான புல்லும் சேறும் டயருக்கும் உறைக்கும் நடுவே அடைந்து காய்ந்தால் பிரேக் பிடித்த மாதிரிதான். டயரைச் சுற்றி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். முன்பகுதியின் அடி விளிம்பில் தேய்வு தெரிந்தால் அது தரையைத் தொட்டிருக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்காமல் பறக்காதீர்கள். இழுவைக் கம்பியால் விமானத்தை நகர்த்தும்போது ஃபோர்க் நிற்கும் எல்லைக்கு மேல் திருப்பினால் அந்தத் தடுப்பும் உறையும் உடையும். வேறு ஆள் இழுத்து நிறுத்திய விமானத்தில் அதை முதலில் பாருங்கள்.

ஓட்டும் கையும் பராமரிப்பே

மூக்கில் எடை குறைய வேண்டும், அவ்வளவுதான். டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டும்போது, ஸ்டிக் முழுவதும் வயிற்றோடு, வேகம் நடைவேகம். பின்காற்று பலமாக இருந்தால் மட்டும் இது மாறும். புறப்படும்போதும் ஸ்டிக்கைப் பின்னால் வைத்துத் தொடங்கி, மூக்கு லேசானதும் கொஞ்சம் தளர்த்துங்கள். இறங்கும்போது பிரதானச் சக்கரங்களில் இறங்கி, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டருக்குப் பலம் இருக்கும்வரை மூக்கைத் தாங்கிப் பிடியுங்கள். அது இறங்கிய பிறகும் ஸ்டிக்கை விடாதீர்கள். குதித்துக் குதித்து இறங்கினால் இரண்டாவது குதிப்பிலேயே எஞ்சினைத் திறந்து மறுபடி மேலே போய்விடுங்கள். மூன்றாவது குதிப்பு மூக்கில்தான் விழும். எலி வளைகள், முயல் குழிகள் உள்ள புல் ஓடுபாதை என்றால் முதலில் நடந்து பாருங்கள்.

மூக்கு பலமாக மோதியது என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கே கௌலிங்கைக் கழற்றி, மேலே சொன்ன சாக்கெட், வெல்டிங், ஃபயர்வால், காலின் நேர்கோடு, நட்டின் உயரம் எல்லாவற்றையும் பாருங்கள். உயரம் பதிவேட்டில் எழுதியதைவிடக் குறைந்திருந்தால் அந்த விமானம் அங்கேயே நிற்கட்டும்.

யார் செய்யலாம், எப்படி எழுதுவது

அமெரிக்காவில் அமெச்சூர்-பில்ட் விமானத்தின் பராமரிப்பை உரிமையாளரே செய்யலாம், நீங்கள் கட்டாதவராக இருந்தாலும். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை வேண்டிய கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனில் கையெழுத்துப் போட, அந்த விமானத்தைக் கட்டி ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கியவர், ஏ அண்ட் பி (விமான உடலுக்கும் எஞ்சினுக்கும் உரிமம் பெற்ற) மெக்கானிக் போன்ற தகுதி பெற்றவர் வேண்டும். வேறு நாட்டில் பறப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பார்க்க வேண்டும். முதல் தடவை பேரிங்கையும் ஃபோர்க்கையும் பிரிக்கும்போது, ஆர்வி கட்டிய அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாமே விமானம் கட்டுபவர்களின் சங்கமான இஏஏவின் கிளைகளில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

பதிவேட்டில் "மூக்குச் சக்கரம் சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை உங்களுக்கே உதவாது. தேதி, எஞ்சின் மணி, டயர் அழுத்தம், தராசு காட்டிய எண் இரு பக்கமும், எந்தக் கிரீஸ், எந்தப் பேரிங் மாற்றியது, நட்டின் உயரம் என்று எழுதுங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே நிறப் பூச்சால் ஒரு கோடு போடுங்கள். அது விரிந்திருந்தால் நட் நகர்ந்துவிட்டது என்று பறப்பதற்கு முந்தைய சோதனையிலேயே தெரியும். எல்லாம் மாட்டி, மூக்கை இறக்கி, வாலிலிருந்து எடையை எடுத்த பிறகு, கட்டைகளை நீக்கி நடைவேகத்தில் ஒருமுறை டாக்ஸி செய்யுங்கள். முதல் பறத்தல் முடிந்ததும் காற்றையும் ஃபோர்க்கின் பிடிப்பையும் மறுபடி பார்த்து, அந்த எண்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.